பசியாறுவதற்கு முன் எடுக்கும் இரத்தம்

கேமரன் மலையில் காலை ஆறரை மணி என்றால் பனியும் பெரட்டும் சேர்ந்து வரும் நேரம். தேயிலைச் சரிவுகள் இன்னும் கண்ணுக்குப் பிடிபடாது. லயத்து வீடுகளில் அடுப்பு எரியும். ஆட்கள் கம்பளிச் சட்டையோடு பெரட்டில் பெயர் கொடுக்க நடப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் இரத்தத்தில் உச்சத்தில் இருப்பதும் இந்த நேரத்தில்தான். ஆகவே, குழந்தைக்காகக் காத்திருக்கும் தோட்டத்து ஆண் ஹார்மோன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வேண்டுமானால், ஒரு நாள் பெரட்டை விட்டுத்தான் ஆக வேண்டும். வேலை முடிந்து பிற்பகல் மூன்று மணிக்குப் போய்க் கையை நீட்டினால் வரும் எண்ணை நம்ப முடியாது.

அந்த ஒரு காலை நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது, யாருக்கு அது தேவை, வரும் தாளை எப்படிப் படிப்பது என்பதே இந்த அத்தியாயம்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலையில் ஹாபு பக்கம் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் வந்தது. சுங்கை பாலாஸ், ஃபேர்லி, வடக்கே கம்போங் ராஜா பக்கம் புளூ வேலி என்று தேயிலை பரவியது. காட்டை வெட்டிக் கன்று நட்டவர்களில் தமிழர்கள் ஏராளம். இன்று கொழுந்து எடுப்பவர்களில் வங்காளதேசத்தவரும் நேபாளிகளும் இந்தோனேசியர்களும் நிறைய. தமிழ்க் குடும்பங்கள் சில லயங்களில் இருக்கின்றன, சில தானா ராத்தா, பிரிஞ்சாங், ரிங்லெட் டவுன்களுக்கு இறங்கிவிட்டன. சிலர் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள், சிலர் இரவு லாரி ஓட்டுகிறார்கள். வேலை மாறினாலும் கல்யாணமான இரண்டாம் வருடம் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை: “இன்னும் விசேஷம் இல்லையா?”

அந்தக் கேள்வி பெரும்பாலும் பெண்ணைப் பார்த்துத்தான் கேட்கப்படுகிறது. அவள் கிளினிக்குக்குப் போகிறாள், ஸ்கேன் எடுக்கிறாள், மாத்திரை விழுங்குகிறாள், பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலில் வேண்டிக்கொள்கிறாள். கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று மருந்து செலுத்திப் பார்க்கும் வலியையும் பொறுத்துக்கொள்கிறாள். எல்லாம் முடிந்து இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் ஒரு மருத்துவர், “உங்க வீட்டுக்காரரைப் பார்த்தாச்சா?” என்று கேட்கிறார். இந்த வரிசை தவறு. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெரிவித்தது. குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பங்கும் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. ஆணைப் பரிசோதிக்க ஒரு குப்பியும் ஒரு ஊசியும் போதும். எளிதானதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, வலிப்பதை முதலில் செய்வதில் நியாயமே இல்லை.

கருத்தடை எதுவும் இல்லாமல் பன்னிரண்டு மாதம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் கிளினிக்குக்குப் போகலாம். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். இருவரும் ஒரே நாளில் போக வேண்டும்.

ஹார்மோன் முதல் படி அல்ல. முதலில் மருத்துவர் கேள்வி கேட்டு, உடம்பைப் பார்த்து, விந்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு சொல்லும் கீழ் வரம்புகள் இவை: விந்தின் அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு, மொத்தத்தில் 3 கோடியே 90 லட்சம், நூற்றுக்கு 42 அசைய வேண்டும். இந்த வரம்புக்குச் சற்றுக் கீழே இருந்தால் குழந்தை பிறக்காது என்று பொருளில்லை, மேலே இருந்தால் பிறந்தே தீரும் என்றும் பொருளில்லை. குழந்தை பெற்ற ஆண்களைப் பரிசோதித்து, அவர்களில் கடைசி ஐந்து சதவீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துப் போட்ட கோடுதான் அது.

மலைவாசிகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. விந்தை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் பார்த்தாக வேண்டும், குளிர் படக் கூடாது. தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர், அத்தனையும் வளைவு. சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போ போனாலும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும், மழையில் மண் சரிந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே வீட்டில் எடுத்துக் குப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையிறங்குவதில் பயனில்லை. ஆய்வுக்கூடம் இருக்கும் இடத்துக்கே போய்க் கொடுக்க வேண்டும். அதற்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முதல் முடிவு சரியில்லை என்றால், சில வாரம் விட்டு இரண்டாம் முறையும் பார்த்துவிட்டே முடிவுக்கு வர வேண்டும். இரத்தம் அப்படியல்ல. மலையிலேயே எடுத்துப் பிரித்துக் குளிரூட்டி அனுப்பலாம், வழியில் தாமதமானாலும் தாங்கும்.

ஹார்மோன் பரிசோதனை யாருக்கு வேண்டும்? விந்தணு எண்ணிக்கை குறைவாக உள்ளவருக்கும் விந்தணுவே இல்லாதவருக்கும் கட்டாயம் வேண்டும். ஆசை குறைந்தவர், விறைப்பில் சிரமம் உள்ளவர், விரைகள் சிறுத்திருப்பவர், மார்பு வீங்கியவர், மீசை தாடி சரியாக வளராதவர் ஆகியோருக்கும் வேண்டும். விந்து அறிக்கை நன்றாக இருந்து, உடம்பிலும் குறை தெரியாதவருக்கு இது தேவையில்லை. பதினைந்து ஹார்மோன்களை ஒரே கட்டணத்தில் பார்த்துத் தருகிறோம் என்னும் தனியார் ஆய்வுக்கூட ‘பேக்கேஜ்’களைத் தாராளமாகத் தவிர்க்கலாம். தொடக்கத்தில் தேவைப்படுபவை டெஸ்டோஸ்டிரோன், எஃப்.எஸ்.எச். என்ற இரண்டே. டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தால் எல்.எச்., அதோடு புரோலாக்டின்.

இந்தப் பெயர்கள் மிரட்டலாம். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அவற்றைப் புரிந்துகொள்வது கடினமல்ல, ஏனென்றால் உடம்பும் தோட்டம் போலவே நடக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸை துரை என்று வைத்துக்கொள்ளலாம். அவர் நேரில் வேலைக்காட்டுக்கு வருவதில்லை. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சீட்டு எழுதி அனுப்புகிறார். சீட்டைப் பெறும் பெரிய கிராணி, பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி. கிராணி இரண்டு மண்டோர்களை அனுப்புகிறார், ஒருவர் எல்.எச்., மற்றவர் எஃப்.எஸ்.எச். இருவரும் போய்ச் சேரும் வேலைக்காடு விரைகள். அங்கே இரண்டு வகை வேலை நடக்கிறது. எல்.எச். சொல்லைக் கேட்டு லெய்டிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. எஃப்.எஸ்.எச். சொல்லைக் கேட்டு செர்டோலி செல்கள் விந்தணுக்களுக்குப் பாலூட்டும் தாய்போல் நின்று வளர்க்கின்றன. மாலையில் கொழுந்து எடை போடுவதுபோல் இரண்டு இடத்திலிருந்தும் மேலே கணக்குப் போகிறது. ஒன்று டெஸ்டோஸ்டிரோன், மற்றது இன்ஹிபின் பி.

எடை குறைந்தால் என்ன நடக்கும்? மேலிடத்தின் குரல் உயரும். விரையில் விந்தணு உற்பத்தி சரிந்தால் இன்ஹிபின் குறையும், எஃப்.எஸ்.எச். ஏறும். மேலிடமே உறங்கிவிட்டால்? மண்டோர்களும் வரமாட்டார்கள், வேலையும் நடக்காது. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் ஒருசேரத் தாழ்ந்து கிடக்கும். கோளாறு காட்டிலா, கச்சேரியிலா என்று இந்த எண்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஹார்மோன் பரிசோதனையின் பயன் இதுவே.

விரைக்குள் இரண்டு வேலைகள் தனித்தனியாக நடக்கின்றன என்பதை உலகம் கசப்பான முறையில் கற்றது, அதுவும் தோட்டப் பயிருக்கான மருந்து ஒன்றால். 1977இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், லாத்ராப் என்ற ஊரின் ரசாயன ஆலையில் வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒன்றைக் கவனித்தார்கள். கொஞ்ச காலமாக அவர்களில் யார் வீட்டிலும் குழந்தை பிறக்கவில்லை. அவர்கள் தயாரித்தது டி.பி.சி.பி., வேரைத் தின்னும் நூற்புழுக்களைக் கொல்லும் மருந்து. டொனால்ட் வார்ட்டன் என்ற மருத்துவரின் குழு அவர்களைப் பரிசோதித்தது. 11 பேரிடம் விந்தணு மிகமிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. அவர்களின் எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் உயர்ந்திருந்தன. டெஸ்டோஸ்டிரோன் மட்டும் குறையவில்லை. ஆசை, உடல் பலம், தாடி எதிலும் மாற்றமில்லை. வெளியே திடகாத்திரம், உள்ளே விந்தணுப் பட்டறை மூடிக் கிடந்தது. 1979இல் அமெரிக்கா அந்த மருந்தின் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது. அதற்குள் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் அதைத் தொட்டுவிட்டிருந்தார்கள்.

“எனக்கு ஒரு குறையும் இல்லை, நான் நல்லாத்தானே இருக்கேன்” என்று சொல்லும் கணவனுக்கு லாத்ராப் தொழிலாளர்களின் கதையைத்தான் சொல்ல வேண்டும். ஆண்மையும் விந்தணுவும் ஒன்றல்ல.

அதே 1977ஆம் ஆண்டின் இன்னொரு செய்தியும் இந்தக் கதையைச் சேர்ந்தது. இரத்தத்தில் நுண்ணிய அளவில் கலந்திருக்கும் ஹார்மோனைக் கதிரியக்கத்தின் துணையோடு அளக்கும் முறையை நியூயார்க்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் இறுதியில் கண்டிருந்தார்கள். 1977இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். பரிசின் மறு பாதியைப் பெற்றவர்கள் ரோஜர் கியமினும் ஆண்ட்ரூ ஷாலியும், துரையின் சீட்டில் இருப்பது என்ன என்று கண்டுபிடித்தவர்கள். அந்த முறை வந்திராவிட்டால் லாத்ராப் ஆண்களின் எஃப்.எஸ்.எச். உயர்ந்ததை இவ்வளவு எளிதாக அறிந்திருக்க முடியாது.

கேமரன் மலைக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. தேயிலையில் களைக்கும் காய்கறியில் பூச்சிக்கும் மருந்தடிப்பது இங்கே அன்றாட வேலை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியா 2002இல் தடை செய்து, 2006இல் மீண்டும் அனுமதித்து, 2020 ஜனவரி முதல் முழுமையாகத் தடை செய்தது. தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் நிலையை வெளிக்கொண்டு வந்து பல ஆண்டு குரல் கொடுத்தவர் தெனகானித்தா அமைப்பின் ஐரின் ஃபெர்னாண்டஸ். ஒவ்வொரு மருந்தும் விந்தணுவைக் கெடுக்கும் என்று சொல்வது சரியாகாது. ஆனால் எந்த மருந்தை, எத்தனை வருடம், கையுறையும் முகமூடியும் போட்டு அடித்தாரா, போடாமல் அடித்தாரா என்பதை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். டப்பாவின் லேபிளைக் கைபேசியில் படம் பிடித்துக் கொண்டுபோவது இன்னும் நல்லது. அதோடு, வயதுக்கு வந்த பின் பொன்னுக்கு வீங்கி வந்து விரை வீங்கியதுண்டா, சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை செய்ததுண்டா, குடலிறக்க அறுவை நடந்ததுண்டா என்பதையும் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம். பொன்னுக்கு வீங்கிக்கான தடுப்பூசி மலேசியக் குழந்தைகளின் தேசியத் தடுப்பூசிப் பட்டியலில் 2002இல்தான் சேர்ந்தது. இன்று தகப்பனாக வேண்டிய வயதில் இருக்கும் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள்.

இனி அந்தக் காலை.

இரத்தம் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் எடுக்கப்பட வேண்டும். முப்பது நாற்பது வயது ஆணுக்கு, காலை எட்டு மணிக்கு இருக்கும் டெஸ்டோஸ்டிரோன் மாலை நான்கு மணிக்கு நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து குறைந்துவிடும். குறையில்லாதவரையும் அந்தப் பிற்பகல் எண் நோயாளி ஆக்கிவிடும். காய்கறி லாரியை இரவெல்லாம் கோலாலம்பூருக்கு ஓட்டிவிட்டுக் காலையில் திரும்புபவர், காவல் வேலை பார்ப்பவர் போன்றோருக்குக் கடிகாரம் உதவாது, தூக்கம்தான் கணக்கு. நன்றாக உறங்கி எழுந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் அவர்களின் இரத்தத்தை எடுக்க வேண்டும். விடிய விடிய ஓட்டிவிட்டு நேராகக் கிளினிக்குக்குப் போவது வீண்.

வயிறு காலியாக இருக்க வேண்டும். குளுக்கோஸ் குடித்த சில மணி நேரத்துக்கு டெஸ்டோஸ்டிரோன் கால் பங்கு வரை இறங்குவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கிளினிக்கில் மிஸியோடு, அதாவது தாதியோடு, நடக்கக்கூடிய பேச்சு இப்படி இருக்கும்:

“அண்ணே, பசியாறிட்டீங்களா?”

“ரெண்டு ரொட்டி சானாய், ஒரு தே தாரேக். அவ்வளவுதான் மிஸி.”

“அப்ப இன்னைக்கு எடுக்க வேணாம். நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, தண்ணி மட்டும் குடிக்கலாம்.”

அந்த மிஸி சொல்வது சரி. ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று கோபப்படாமல் மறுநாள் போவதுதான் நல்லது. தவறாக எடுத்த இரத்தம் மாதக்கணக்கில் தவறான வைத்தியத்துக்கு இழுத்துப் போய்விடும். ‘எம்.சி.’ கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அல்லது கிளினிக்குக்கு வந்து போன நேரத்தைக் குறிக்கும் சீட்டு போதுமா என்று தோட்டக் கச்சேரியில் முன்கூட்டியே விசாரிக்கலாம்.

காய்ச்சல் அடித்துக் கிடந்தவர், டெங்கியிலிருந்து எழுந்தவர் உடனே போக வேண்டாம். நோய் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் தானாகக் குறையும். விந்தணு தேற மூன்று மாதம்கூடப் பிடிக்கும். மேட்டுப் பாதையில் மூச்சு வாங்க ஏறி வந்தவர் கால் மணி நேரமாவது உட்கார்ந்து ஆசுவாசப்பட்ட பிறகே கையை நீட்ட வேண்டும், ஏனென்றால் ஓட்டமும் பதற்றமும் புரோலாக்டினை ஏற்றிவிடும். பலர் அறியாத ஒன்று முடி, நகம் வளர விழுங்கும் பயோட்டின் மாத்திரை. சில ஆய்வுக்கூடக் கருவிகளை அது ஏமாற்றி, டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டியும் எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆகியவற்றைக் குறைத்தும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதுபற்றி எச்சரித்தது. அந்த மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்திவிட வேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் அலகைப் பார்க்க வேண்டும். மலேசிய ஆய்வுக்கூடங்கள் டெஸ்டோஸ்டிரோனை லிட்டருக்கு நானோமோல் கணக்கில் தருகின்றன. தமிழ்நாட்டு உறவினர் அனுப்பும் அறிக்கையிலோ யூடியூப் காணொளியிலோ டெசிலிட்டருக்கு நானோகிராம் இருக்கும். “அங்க 300க்கு மேல வேணுமாம், எனக்கு 14தான் இருக்கு” என்று ஒருவர் பதறினால் அது வீண் பயம். 300 நானோகிராம் என்பது 10.4 நானோமோல். 14 என்பது 400க்கு மேல், நல்ல எண். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தால் இன்னொரு நாள் காலை மறுபடி எடுத்துப் பார்க்காமல் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது.

அடுத்தது சேர்த்துப் படிப்பது. ஒற்றை எண் எதையும் சொல்லாது.

விந்தில் விந்தணுவே இல்லை, விரைகள் சிறுத்திருக்கின்றன, எஃப்.எஸ்.எச். ஏறியிருக்கிறது என்றால் பட்டறையில் கோளாறு. எஃப்.எஸ்.எச். லிட்டருக்கு 7.6 யூனிட்டைத் தாண்டினாலே உற்பத்தியில் குறை இருக்கலாம் என்று நிபுணர்கள் சந்தேகிக்கிறார்கள், ஆய்வுக்கூடத் தாள் 12 வரை இயல்பு என்று அச்சிட்டிருந்தாலும்கூட. டெஸ்டோஸ்டிரோனும் குறைந்திருந்தால் குரோமோசோம் பரிசோதனை தேவை. ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கிறது. 1942இல் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்த நிலை இது. அவர்களில் பலருக்குக் குழந்தைக்காகப் பரிசோதிக்கும் வரை அது தெரிவதே இல்லை. இங்கேயும் கதவு முழுக்க மூடவில்லை. நுண்ணோக்கி வைத்து விரையைத் திறந்து தேடும் அறுவையில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் சில விந்தணுக்கள் கிடைக்கின்றன.

விந்தணு இல்லை, ஆனால் விரை நல்ல அளவில் இருக்கிறது, எஃப்.எஸ்.எச்., டெஸ்டோஸ்டிரோன் இரண்டும் இயல்பு என்றால் சரக்கு தயாராகிறது, வழிதான் அடைபட்டிருக்கிறது என்று முதலில் எண்ணலாம். பழைய தொற்று, பழைய அறுவை, பிறவியிலேயே விந்துக் குழாய் இல்லாமை ஆகியவை காரணமாகலாம். பெரும்பாலும் இந்தக் கணிப்பு சரியாக இருக்கும். சில பேரிடம் விந்தணு பாதி வளர்ச்சியில் நின்றுவிடுவதால் எஃப்.எஸ்.எச். ஏறாமலே இருப்பதுண்டு என்பதையும் மருத்துவர் நினைவில் வைத்திருப்பார்.

மூன்றாவது நிலைதான் மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படுவது. எஃப்.எஸ்.எச்., எல்.எச்., டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் தாழ்ந்திருப்பது, அதாவது மேலிடத்துக் கோளாறு. பிறவியிலேயே மணம் நுகரும் திறன் இல்லாமல், பருவ வளர்ச்சியும் தாமதமான ஆண்களிடம் இது காணப்படும். 1944இல் ஃபிரான்ஸ் கால்மன் இதை விவரித்தார். பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் இப்படி வரும். அவர்களுக்கு மண்டோர்களின் வேலையைச் செய்யும் ஊசிகள் இருக்கின்றன. முதலில் எல்.எச்.போல் வேலை செய்யும் எச்.சி.ஜி., தேவைப்பட்டால் பிறகு எஃப்.எஸ்.எச்., வாரம் இரண்டு மூன்று முறை. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை பொறுமை வேண்டும். பெரும்பாலோருக்கு விந்தணு வருகிறது, பலர் தகப்பன் ஆகிறார்கள். ஒரு காலை நேர இரத்தம் ஒருவரின் வாழ்க்கையை இந்த அளவுக்கு மாற்றக்கூடிய இடம் மருத்துவத்தில் குறைவு.

பிட்யூட்டரியே சுரக்கும் புரோலாக்டின் மிக உயர்ந்திருந்தால், கூடவே தலைவலியும் பக்கவாட்டுப் பார்வை மங்கலும் இருந்தால், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அவசியம். பிட்யூட்டரிக் கட்டி என்றதும் நடுங்க வேண்டாம். புரோலாக்டின் கட்டிகள் பெரும்பாலும் மாத்திரைக்கே சுருங்கும். சற்றே உயர்ந்திருந்தால் வாந்தி மருந்து, மனநல மருந்து ஏதும் எடுக்கிறாரா, தைராய்டு குறைவா என்று பார்த்துவிட்டு மறுபடி அளப்பார்கள்.

உடல் பருமனும் சர்க்கரை நோயும் உள்ளவருக்கு மொத்த டெஸ்டோஸ்டிரோன் குறைந்து காட்டுவதுண்டு. அதைச் சுமந்து செல்லும் புரதம் இரத்தத்தில் குறைவதே பெரும்பாலும் காரணம். கட்டுப்படாத சுயேச்சை டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிட்டால் உண்மை தெரியும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடமே அதிகம். ஹார்மோன் பார்க்கும் அதே காலையில் சர்க்கரையையும் பார்த்துவிடலாம், வயிறு எப்படியும் காலிதானே.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பத்தியை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் இதை வைக்க வேண்டும்: குழந்தை வேண்டும் ஆண், டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ ஜிம் மருந்தோ போட்டுக்கொள்ளக் கூடாது. கணக்கு நேர்மாறானது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் துரை, வேலை நன்றாக நடக்கிறது என்று நினைத்துச் சீட்டு அனுப்புவதை நிறுத்திவிடுவார். மண்டோர்கள் வராததால் விரைக்குள் விந்தணு வளர வேண்டிய இடத்தில் டெஸ்டோஸ்டிரோன் வறட்சி வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆணுக்கான கருத்தடையாகச் சோதித்தது. ஏழு நாடுகளில் 271 ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் ஊசி போடப்பட்டது. ஆறு மாதத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோரின் விந்தில் விந்தணுவே இல்லை. 1990இல் இந்த முடிவு வெளியானது. அத்தனை ஆண்டுக்குப் பின்னும், “டெஸ்டோஸ்டிரோன் கம்மியா இருக்கு, ஊசி போட்டா சரியாயிடும்” என்று குழந்தைக்கு ஏங்குபவரிடம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எஃப்.எஸ்.எச்., எல்.எச். இரண்டும் அடிமட்டத்தில் இருக்க, உடம்பு மட்டும் முறுக்கேறி நிற்கும் இளைஞரைப் பார்த்தால் அனுபவமுள்ள மருத்துவர் முதலில் ஜிம்மைப் பற்றித்தான் கேட்பார். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு விந்தணு திரும்பிவிடும், ஆனால் மாதங்கள் ஆகும்.

தொங்காட் அலி வேர் கலந்த காப்பியும் மாத்திரையும் மலேசியாவில் எங்கும் கிடைக்கின்றன. அந்த வேரைப் பற்றி ஆய்வுகள் நடக்கின்றன, அது தனிப் பேச்சு. ஆனால் ஆண்மைக்கு என்று விற்கும் பொருள்களில் வயாகராவின் மருந்தான சில்டெனாஃபில் இரகசியமாகக் கலந்திருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். சில இருதய மருந்துகளைச் சாப்பிடுபவருக்கு அது உயிரைப் பறிக்கக்கூடும். டப்பாவில் ‘எம்.ஏ.எல்.’ பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இல்லாத எதையும் வாங்கக் கூடாது, எதைக் குடித்தாலும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

எங்கே போவது? கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருந்தாலும் தலைநகர் குவாந்தான் வெகு தூரம். மலைவாசிகளுக்குப் பக்கம் பேராக்கின் ஈப்போ. முதலில் அருகிலுள்ள அரசு சுகாதாரக் கிளினிக். மலேசியக் குடிமகனுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளி. தானா ராத்தாவில் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு நிபுணரைப் பார்க்கப் போகலாம். 1966 முதல் இயங்கும் எல்.பி.பி.கே.என். என்ற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குழந்தையின்மைக்கு ஆலோசனையும் சிகிச்சையும் தருகிறது. பிற்பாடு சோதனைக் குழாய் முறை வரை போக நேர்ந்தால், ஊழியர் சேமநிதியிலிருந்து அதற்குப் பணம் எடுக்க வழியுண்டு. வெளிநாட்டுத் தொழிலாளிக்குக் கட்டணம் வேறு, கூடுதல். கிளினிக்கில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. எங்கே போனாலும் பழைய அறிக்கைகள் அத்தனையையும் ஒரே கோப்பில் தேதி வாரியாக அடுக்கி எடுத்துப் போக வேண்டும். மலையிறங்கிப் போய், தாள் இல்லாமல் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதுபோல் அலுப்பு தருவது வேறில்லை.

ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாள், அது பயணப்பட்டு வெளியே வர இன்னும் சில நாள். ஆகவே மருந்து தொடங்கினாலும், புகையை விட்டாலும், ஜிம் ஊசியை நிறுத்தினாலும், மூன்று மாதம் கழித்துத்தான் விந்து அறிக்கையில் மாற்றம் தெரியும். மூன்றே வாரத்தில் மறுபரிசோதனை செய்து மனம் உடைய வேண்டாம். அதுவரை மனைவி மட்டும் தனியாகக் கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். அவளுடைய அடுத்த தேதி அட்டையில் எழுதியிருக்கும். அன்று காலை கணவனும் கூடப் போகட்டும், பசியாறாமல் போகட்டும்.